முகம் காணா எதிராளி

நுழையும்முன்

அறுபத்து நான்கு கட்டங்களில் அறிவும் பொறுமையும் எதிரெதிர் நின்று ஆடும் விளையாட்டு சதுரங்கம். மரப்பலகையில் ஆடப்பட்ட அவ்விளையாட்டு இன்று கைப்பேசித் திரைக்கு இடம்பெயர்ந்துள்ளது. களம் மாறியதால் ஆட்ட அறமும் மாறலாமா? எதிராளியின் முகம் தெரியாத இடத்தில் ஒருவரின் நடத்தையைக் காப்பது எது? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

கல்தரையிலிருந்து கண்ணாடித் திரைக்கு

தமிழகத்துப் பழைய கோயில் மண்டபங்களின் கல்தரைகளில் ஆடுபுலி ஆட்டக் கட்டங்கள் கீறப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். சேலம், நாமக்கல் சமவெளியின் திண்ணைகளிலும் மரத்தடிகளிலும் ஆடுபுலியும் தாயமும் நெடுங்காலம் ஆடப்பட்டு வந்தன. அவ்வாட்டங்களுக்கு அச்சிட்ட விதிநூல் இருந்ததில்லை; நடுவரும் இருந்ததில்லை. ஆயினும் ஆட்டம் ஒழுங்காகவே நடந்தது. ஒருவர் காயைத் திருட்டுத்தனமாக நகர்த்தினால் எதிரே இருப்பவர் கையைப் பிடிப்பார். சுற்றி நிற்பவர்கள் நகைப்பார்கள். தோற்கும் நிலையில் பாதியிலேயே எழுந்து போகிறவரை மறுநாள் ஆட்டத்தில் சேர்க்கமாட்டார்கள். ‘அழுகுணி ஆட்டம்’, ‘கள்ளாட்டம்’ என்னும் பெயர்கள் ஒருவர்மீது ஒட்டிக்கொண்டால் எளிதில் நீங்கா. ஊரின் கண்ணே அங்கு நடுவராக விளங்கியது.

இணையவழிச் சதுரங்கத்தில் இல்லாமற் போனது அந்தக் கண்தான். திரையில் பலகை இருக்கிறது, காய்கள் இருக்கின்றன, நொடிகளைக் குறைத்துக்கொண்டே செல்லும் கடிகாரமும் இருக்கிறது. எதிராளியோ ஒரு புனைபெயராகவும் ஓர் எண்ணாகவும் மட்டுமே தோன்றுகிறார். அவர் பத்து வயதுச் சிறுமியா, பணி ஓய்வு பெற்ற முதியவரா, பக்கத்துத் தெருவில் இருக்கிறாரா, கடல் கடந்து வாழ்கிறாரா என எதுவும் தெரிவதில்லை. தெரியாத ஒருவரிடம் எப்படியும் நடந்துகொள்ளலாம் என்னும் எண்ணம் இங்குதான் முளைவிடுகிறது.

தமிழ்நாடும் சதுரங்கமும்

இந்தியச் சதுரங்கத்தின் வரலாற்றில் தமிழ்நாட்டிற்குத் தனியிடம் உண்டு. 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனவர் மானுவல் ஆரோன். 1988இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனவர் விசுவநாதன் ஆனந்த். ஐந்து முறை உலக வாகையர் பட்டம் வென்றவரும் அவரே. 2012இல் தமிழ்நாடு அரசு 7 முதல் 17 வயது வரையிலான மாணவர்களுக்காகப் பள்ளிகளில் சதுரங்கத் திட்டத்தைத் தொடங்கியது. 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு 2022ஆம் ஆண்டு சூலை, ஆகத்து மாதங்களில் மாமல்லபுரத்தில் நடைபெற்றது. வேட்டி கட்டிய ‘தம்பி’ என்னும் குதிரைச் சின்னம் அப்போது ஊர்தோறும் வலம் வந்ததைப் பலர் நினைவிற் கொண்டிருப்பர். 2024ஆம் ஆண்டு திசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் சென்னையைச் சேர்ந்த குகேஷ் தம் பதினெட்டாம் வயதில் உலக வாகையர் ஆனார்.

இப்பெருமையின் பெரும்பகுதி சென்னையைச் சுற்றி வளர்ந்தது. ஆனந்த் இளமையில் ஆடிப் பழகிய தால் சதுரங்கக் கழகம் சென்னையில் இருந்த சோவியத் பண்பாட்டு மையத்தில் இயங்கியது. தேர்ந்த பயிற்றுநர்களும் வலிமையான எதிராளிகளும் ஒரு நகரத்தில் கூடியிருக்கும்போது திறமை அங்குத் தழைப்பது இயல்பு. இராசிபுரத்திலோ சங்ககிரியிலோ நாமகிரிப்பேட்டையிலோ உள்ள ஒரு மாணவருக்கு அத்தகைய சூழல் எளிதில் வாய்ப்பதில்லை. வகுப்பில் தம்மோடு ஆடும் இரண்டு மூன்று பேரை வென்றபின், அடுத்த நிலைக்கு உயர அவர் யாரோடு ஆடுவார்?

இணையம் திறந்த வாயில்

இவ்வினாவிற்கு இணையம் விடையளித்தது. தறிகள் ஓசையிடும் பள்ளிப்பாளையத்துத் தெருவிலிருந்தும், கோழிப்பண்ணைகள் சூழ்ந்த நாமக்கல் சிற்றூரிலிருந்தும் ஒரு கைப்பேசியின் துணையோடு உலகின் எந்த மூலையில் உள்ளவருடனும் ஆட முடிகிறது. கட்டணம் ஏதுமின்றி ஆடத்தக்க தளங்கள் உள்ளன. பயணச் செலவு இல்லை. தங்குமிடச் செலவு இல்லை. தன் நிலைக்கு ஒத்த எதிராளியைச் சில நொடிகளில் கண்டடைய முடிகிறது.

இவ்வாயிலின் பயனை உணர்த்தும் நிகழ்வொன்று 2022ஆம் ஆண்டு மே மாதம் நடந்தது. சென்னையைச் சேர்ந்த பிரக்ஞானந்தா அப்போது பதினொன்றாம் வகுப்பு மாணவர். இணையவழியில் நடைபெற்ற ‘செஸ்ஸபிள் மாஸ்டர்ஸ்’ போட்டியின் அரையிறுதியில் நெதர்லாந்தின் அனீஷ் கிரியை அவர் வென்றபோது இந்திய நேரம் நள்ளிரவைக் கடந்து இரண்டு மணியை ஒட்டியிருந்தது. அன்று காலையில் அவருக்குப் பள்ளித் தேர்வு இருந்தது, 8.45 மணிக்குப் பள்ளியில் இருக்க வேண்டும் என்று அவரே கூறினார். அதே போட்டியில் உலகின் முதல்நிலை வீரர் மேக்னஸ் கார்ல்சனையும் அவர் வென்றிருந்தார். வீட்டை விட்டு வெளியேறாமல் உலகின் தலைசிறந்த வீரர்களுடன் ஒரு பள்ளி மாணவர் ஆட முடிந்தமைக்கு இணையம் களமாக அமைந்தது.

அக்களத்தைத் தாங்கி நிற்பது நம்பிக்கை. எதிரே இருப்பவர் தம் அறிவைக் கொண்டே ஆடுகிறார், ஆட்டத்தை முடிக்கும்வரை இருப்பார், தோற்றாலும் இழிவாகப் பேசமாட்டார் என்னும் நம்பிக்கையே அது. பெருநகரத்து மாணவருக்கு இணையம் பல களங்களுள் ஒன்று. சிற்றூர் மாணவருக்கோ பல வேளைகளில் அதுவே ஒரே களம். ஆகவே, இணைய ஆட்டத்தின் நம்பிக்கை சிதைந்தால் மிகுதியாக இழப்பவர்கள் வேறு வழியற்ற மாணவர்களே. இணையச் சதுரங்கத்தின் ஒழுங்கின்மையைச் சிறு குறும்பு என ஒதுக்கிவிட முடியாததற்கு இதுவே முதற்காரணம்.

கள்ளாட்டத்தின் வடிவங்கள்

இணையச் சதுரங்கத்தின் பண்பற்ற செயல்கள் பலவகைப்படும். அவற்றுள் மிகப் பரவலானது நேரத்தை வீணடித்தல். பத்து நிமிட ஆட்டம் ஒன்றில் ஒருவர் தம் அரசியை இழந்துவிட்டார் என்று கொள்வோம். அவர் கடிகாரத்தில் இன்னும் ஆறு நிமிடங்கள் உள்ளன. தோல்வியை ஒப்புக்கொள்ளவும் மனமில்லை. தொடர்ந்து போராடவும் விருப்பமில்லை. காயை நகர்த்தாமல் கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டு வேறு வேலையில் ஈடுபடுகிறார். எதிராளியோ திரையை விட்டு அகல முடியாமல் ஆறு நிமிடங்களும் காத்திருக்கிறார். அகன்றால், கடைசி நொடியில் ஒரு காய் நகர்த்தப்பட்டுத் தம் நேரம் ஓடத் தொடங்கிவிடும் என்னும் அச்சம் அவருக்கு. சிலர் அந்த அச்சத்தையே கணக்கிட்டு, ஓரிரு நொடிகள் எஞ்சியிருக்கும்போது காயை நகர்த்துவதும் உண்டு.

இரண்டாவது, தோல்வி நெருங்கியதும் சொல்லாமல் ஆட்டத்தைக் கைவிட்டு வெளியேறுதல். மூன்றாவது, உரையாடற் பெட்டியில் வசைமொழி எழுதுதல். எதிராளியின் பெயருக்கருகே தோன்றும் நாட்டுக்கொடியைக் கண்டு அந்நாட்டையே பழித்தல். நான்காவது, சமநிலை வேண்டி மீண்டும் மீண்டும் விண்ணப்பித்து எதிராளியின் கவனத்தைக் குலைத்தல். ஐந்தாவது, வேண்டுமென்றே பல ஆட்டங்களில் தோற்றுத் தம் தரப்புள்ளியைக் குறைத்துக்கொண்டு, பின்னர்த் தம்மினும் மெலியவர்களோடு மோதி எளிய வெற்றிகளைக் குவித்தல். ஆறாவதும் கொடியதுமானது, கணினியின் விடையைத் தம் விடையாகக் காட்டுதல்.

இச்செயல்களின் பின்னணியில் பெரும்பாலும் இருப்பது தரப்புள்ளியின் மீதுள்ள மயக்கம். ஆர்பாட் எலோ என்னும் இயற்பியல் பேராசிரியர் வகுத்த கணக்கீட்டு முறையைப் பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் ஏற்றுக்கொண்டது. அதன் வழியில் அமைந்த முறைகளையே இணையத் தளங்களும் பின்பற்றுகின்றன. ஒத்த தரப்புள்ளியுடைய இருவர் ஆடினால் வென்றவர் சில புள்ளிகளைப் பெறுவார். தோற்றவர் ஏறத்தாழ அதே அளவை இழப்பார். அடுத்த எதிராளியை ஏற்றவாறு தேர்ந்தெடுக்க உதவும் அளவுகோல் அது, அவ்வளவே. காய்ச்சல் உள்ளவர் வெப்பமானியைக் குளிர்நீரில் நனைத்துவிட்டால் காய்ச்சல் தணிந்துவிடாது. கள்ளாட்டத்தால் உயர்ந்த தரப்புள்ளியும் அத்தகையதே. அது ஆட்டக்காரரின் திறமையைக் கூட்டுவதில்லை. தம் திறமையின் அளவை அவரே அறியவொட்டாமல் மறைத்துவிடுகிறது.

கணினித் துணையும் கசப்பான பாடமும்

1997இல் ‘டீப் புளூ’ என்னும் கணினி அன்றைய உலக வாகையர் கேரி காஸ்பரோவை ஆறு ஆட்டங்கள் கொண்ட தொடரில் வென்றது. அதற்கெனத் தனியாக உருவாக்கப்பட்ட மாபெரும் கணினி அது. இன்றோ ‘ஸ்டாக்ஃபிஷ்’ போன்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. கைப்பேசியில் இயங்கும்போதே உலக வாகையரையும் விஞ்சும் ஆற்றல் பெற்றுள்ளன. ஆட்டம் முடிந்தபின் பிழைகளை அறிந்துகொள்ள அவற்றைவிடச் சிறந்த ஆசான் இல்லை. ஆட்டத்தின் நடுவே நாடும்போதோ, அதே மென்பொருள் தேர்வறையில் மறைத்து வைத்த விடைத்தாளாகிவிடுகிறது.

2021ஆம் ஆண்டு சூன் மாதம் கொரோனா நிவாரண நிதி திரட்டுவதற்காக இணையவழிக் காட்சிப் போட்டி ஒன்று நடைபெற்றது. திரைத்துறை, விளையாட்டு, தொழில் எனப் பல துறையினர் ஒரே நேரத்தில் விசுவநாதன் ஆனந்தை எதிர்த்து ஆடினர். அவர்களுள் தொழில்முனைவோர் நிகில் காமத் ஆனந்தை வென்றது வியப்பையும் ஐயத்தையும் ஒருங்கே எழுப்பியது. மறுநாளே, ஆட்டத்தின்போது வல்லுநர்களின் உதவியும் கணினியின் உதவியும் பெற்றதை அவர் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். அவரது கணக்கு முடக்கப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டது. தாம் பலகையில் இருந்த நிலைக்கு ஏற்பவே ஆடியதாகவும், அனைவரிடமும் அதையே எதிர்பார்த்ததாகவும் ஆனந்த் கூறினார். அதற்குமேல் அச்செய்தியை வளர்க்க அவர் விரும்பவில்லை.

இந்நிகழ்வு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. நற்பணிக்காக, வேடிக்கையாக ஆடப்படும் ஆட்டம் என்றாலும் எதிராளியின் நம்பிக்கை வேடிக்கைப் பொருள் ஆகாது என்பது ஒன்று. தவற்றை மறைக்காமல் ஒப்புக்கொள்வதும், ஒப்புக்கொண்டவரை மேலும் துரத்தாமல் விடுவதும் ஆட்டப் பண்பின் பகுதிகளே என்பது மற்றொன்று.

ஐயமும் ஒரு பிழையே

கள்ளாட்டத்தைக் கண்டிக்கும் ஆர்வத்தில் மற்றொரு பிழை நேர்ந்துவிடுகிறது. நன்றாக ஆடுகிறவர் எல்லாரும் கணினியின் துணையோடு ஆடுகிறார்கள் என்றும், இணைப்பு அறுந்தவர் எல்லாரும் ஓடிவிட்டார்கள் என்றும் முடிவுகட்டிவிடும் போக்கே அது. ஐயுறுவது எளிது, ஐயத்திற்கு ஆளானவர் தம் நேர்மையை மெய்ப்பிப்பது அரிது.

2020ஆம் ஆண்டு நடைபெற்ற இணையவழிச் சதுரங்க ஒலிம்பியாடு இதற்குத் தக்க சான்று. காலிறுதியில் இந்தியாவின் நிகால் சரினுடன் ஆடிய ஆர்மீனிய வீரரின் இணைய இணைப்பு அறுந்தது. அவர் நேரமிழந்து தோற்றதாக அறிவிக்கப்பட்டார். ஆர்மீனியாவின் முறையீடு ஏற்கப்படாமையால் அவ்வணி எதிர்ப்புத் தெரிவித்துப் போட்டியிலிருந்தே விலகியது. ஆகத்து 30 அன்று நடந்த இறுதிப்போட்டியில் இந்தியா இரசியாவை எதிர்கொண்டது. முதற்சுற்று சமநிலையில் முடிந்தது. இரண்டாம் சுற்றில் இந்தியாவின் நிகால் சரின், திவ்யா தேஷ்முக் ஆகிய இருவரின் இணைப்பும் அறுந்தது, அவர்கள் நேரமிழந்தனர். இந்தியா முறையிட்டது. பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பின் தலைவர் அர்காதி துவோர்கோவிச் இரு நாடுகளையும் கூட்டு வாகையர்களாக அறிவித்தார்.

இணைப்பு அறுந்ததால் ஒரு நாள் பயனடைந்த அணியே சில நாள்களில் அதே காரணத்தால் இழப்பின் விளிம்பில் நின்றது. உலக அளவிலான போட்டியிலேயே இவ்வாறு நேரும் என்றால், கொல்லிமலை அடிவாரத்துச் சிற்றூரில் அலைவரிசை தேடி மாடிப்படியில் அமர்ந்து ஆடும் மாணவியின் இணைப்பு அறுவதில் வியப்பென்ன? மின்தடையால் வெளியேற நேர்ந்தவரையும் மனமறிந்து வெளியேறியவரையும் திரை வேறுபடுத்திக் காட்டுவதில்லை. எனவே எதிராளியின் மீது ஐயம் எழும்போது வசைபாடாமல், தளத்தில் உள்ள முறையீட்டு வசதியைப் பயன்படுத்தி ஆராயும் பொறுப்பை உரியவர்களிடம் விட்டுவிடுவதே முறை. பழி சுமத்துவதில் காட்டும் விரைவும் ஒருவகைக் கள்ளாட்டமே.

தெரிந்து தெளிவோம்

1924ஆம் ஆண்டு சூலை 20 அன்று பாரிசில் தொடங்கப்பட்டது ‘ஃபிடே’ எனப்படும் பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பு. அந்நாளே உலகச் சதுரங்க நாளாகக் கொண்டாடப்படுகிறது. ‘நாம் அனைவரும் ஒரே இனத்தவர்’ என்னும் பொருள்படும் இலத்தீன் தொடர் அதன் குறிக்கோளுரை. அதன் விதித்தொகுப்பில் 11ஆம் பிரிவு ஆட்டக்காரரின் நடத்தையைப் பற்றியது. சதுரங்கத்திற்கு இழுக்கு நேரும் வகையில் நடந்துகொள்வதையும், எதிராளியின் கவனத்தைக் குலைப்பதையும் அது தடை செய்கிறது. காரணமின்றிச் சமநிலை வேண்டிக்கொண்டே இருப்பதும் கவனத்தைக் குலைக்கும் செயலாகவே கருதப்படுகிறது.

‘என் நேரம், என் விருப்பம்’ என்போர்க்கு

நேரத்தை வீணடிப்போர் தம் செயலுக்கு ஒரு நியாயம் கூறுவதுண்டு. “பத்து நிமிடங்கள் எனக்கென்று தரப்பட்டவை. அவற்றை எவ்வாறு செலவிட்டாலும் விதிமீறல் இல்லை. தோற்கும் நிலையிலும் போராடுவது குற்றமா?” என்று அவர்கள் வினவுகின்றனர். இவ்வினா மேலோட்டமாக ஒதுக்கத்தக்கதன்று.

தோற்கும் நிலையிலும் போராடுவது குற்றமன்று, அது பாராட்டுக்குரியது. காய்களை இழந்தபின்னும் எதிராளியின் பிழைக்காகக் காத்திருந்து ஆட்டத்தைச் சமநிலைக்குக் கொண்டுவந்த வீரர்கள் பலர். சிக்கலான நிலையில் நெடுநேரம் சிந்திப்பதும் உரிமையே. அப்போது கடிகாரம் சிந்தனைக்காக ஓடுகிறது. கைப்பேசியை ஓரமாக வைத்தவரின் கடிகாரமோ பழிவாங்குவதற்காக ஓடுகிறது. இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைத் தளத்தின் கணினி அறியாமற் போகலாம்; ஆட்டக்காரரின் நெஞ்சம் அறியும். விதி தடுக்காதவை எல்லாம் தக்கவை ஆகிவிடுவதில்லை. வரிசையில் நிற்கும்போது முன்னால் இருப்பவர் வேண்டுமென்றே ஊர்ந்து நகர்ந்தால் எந்தச் சட்டமும் அவரைத் தண்டிப்பதில்லை. ஆயினும் பின்னால் நிற்பவர்களின் நேரத்தை அவர் கவர்கிறார் என்பது உண்மை.

முகம் தெரியாதவரிடம் காட்டும் பண்பிற்கு நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தார் தொலைவில் சென்று சான்று தேட வேண்டியதில்லை. லாரிக் கூண்டு கட்டும் தொழிலுக்கும் லாரிப் போக்குவரத்திற்கும் பெயர்பெற்ற மண் இது. நள்ளிரவில் நெடுஞ்சாலையில் செல்லும் ஓட்டுநர், எதிரே வண்டி வருவதைக் கண்டதும் தம் முகப்பு விளக்கின் ஒளியைத் தாழ்த்துகிறார். எதிரே வருபவரும் தாழ்த்துகிறார். ஒருவர் முகத்தை மற்றவர் காண்பதில்லை. பெயரோ ஊரோ மொழியோ தெரிவதில்லை. சில நொடிகளில் கடந்து செல்லும் அவர்கள் வாழ்நாளில் மீண்டும் சந்திக்கப் போவதுமில்லை. ஆயினும் அந்தச் சிறுசெயலால் இருவரும் நலமாகக் கடந்து செல்கின்றனர். ஒருவர் ஒளியைத் தாழ்த்த மறுத்தால் கண்கூசுவது எதிரே வருபவருக்கு. விபத்து நேர்ந்தால் வருந்துவது இருவரும். இணையச் சதுரங்கத்தில் எதிராளிக்குக் காட்டும் மரியாதையும் இத்தகையதே.

தண்டனையின் எல்லை

இணையத் தளங்கள் கைகட்டி நிற்கவில்லை. ஆட்டத்தை அடிக்கடி கைவிடுவோரையும் நேரத்தை வீணடிப்போரையும் எச்சரிக்கின்றன. மீண்டும் செய்தால் சிறிது காலம் ஆட முடியாதவாறு தடை விதிக்கின்றன. காய் நகர்த்தல்களை மென்பொருளின் நகர்த்தல்களோடு ஒப்பிட்டுக் கணினித் துணையைக் கண்டறிகின்றன, கணக்குகளை மூடுகின்றன. கள்ளாட்டக்காரரிடம் தோற்றவர்க்கு இழந்த புள்ளிகளைத் திருப்பியளிக்கும் தளமும் உண்டு. பெரும் போட்டிகளில் ஆட்டக்காரரின் அறையை ஒளிப்படக்கருவிகள் கண்காணிக்கின்றன.

இவை தேவையானவை, ஆனால் போதுமானவை அல்ல. ஒரு கணக்கு மூடப்பட்டால் மற்றொரு பெயரில் புதுக்கணக்குத் தொடங்குவது கடினமன்று. நாள்தோறும் நடக்கும் எண்ணற்ற ஆட்டங்களை எல்லாம் கண்காணிக்க எந்த நடுவராலும் இயலாது. நேருக்கு நேர் ஆடும் ஆட்டத்திற்கே கட்டாயத்தால் மட்டும் பண்பு வந்துவிடவில்லை. 2008ஆம் ஆண்டு சனவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் சே நகரில் நடந்த போட்டியில், பல்கேரியாவின் இவான் செபரினோவ் ஆட்டத்திற்குமுன் இங்கிலாந்தின் நைஜல் ஷார்ட்டுக்குக் கைகொடுக்க மறுத்தார். அதற்காகத் தோற்றவராக அறிவிக்கப்பட்டார். மேல்முறையீட்டிற்குப் பின் மன்னிப்புக் கோரி, கைகுலுக்கி மீண்டும் ஆட வேண்டியதாயிற்று. அவ்வாட்டத்தில் ஷார்ட் வென்றார். விதி கையை நீட்டச் செய்துவிடும். அக்கைக்குள் மரியாதையை வைக்க விதியால் இயலாது. கையே நீட்டத் தேவையில்லாத இணையத்தில் விதியின் ஆற்றல் மேலும் குறைவு. எஞ்சுவது பழக்கம் ஒன்றே.

பழக்கமாகும் பண்பு

பழக்கம் சிறுசெயல்களால் உருவாவது. ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒரு வணக்கம். முடிவில் ஒரு நன்றி. மீள வழியில்லை எனத் தெளிந்தபின் தோல்வியை ஒப்புக்கொள்ளும் பொத்தானைத் தயங்காமல் அழுத்துதல். வெளியேற வேண்டிய வேலை குறுக்கிட்டால் ஆட்டத்தை முடித்துக்கொண்டு வெளியேறுதல். தொடர்ந்து இரண்டு ஆட்டங்களில் தோற்றபின் மூன்றாவதைத் தொடங்காமல் சற்று நேரம் திரையை விட்டு விலகியிருத்தல். கள்ளாட்டங்களுள் பல, தோல்வியின் சினம் ஆறுமுன் தொடங்கிய ஆட்டத்திலேயே நிகழ்கின்றன. சினத்தோடு தொடங்கிய ஆட்டத்தில் எதிராளி செய்யாத குற்றத்திற்குத் தண்டனை பெறுகிறார்.

பள்ளிகளும் இதில் பங்கேற்கலாம். பள்ளிச் சதுரங்கக் குழுவில் ஆடும் மாணவர் தாம் வென்ற ஆட்டத்தைக் காட்டிலும் தோற்ற ஆட்டத்தை நண்பர்களுக்கு விளக்கிக்காட்டும் வழக்கத்தை ஏற்படுத்தலாம். எங்குப் பிழை நேர்ந்தது என்று அவர் பலர் முன்னிலையில் ஆராயும்போது, தோல்வி மறைக்கத்தக்க இழிவு என்னும் எண்ணம் கரைகிறது. அவ்வெண்ணம் கரைந்தவர்க்குக் கள்ளாட்டத்தின் தேவையே எழுவதில்லை. சேலத்துப் பள்ளியும் நாமக்கல் பள்ளியும் இணையவழியில் ஆடும்போது, ஆட்டம் முடிந்தபின் இரு பக்கத்து மாணவரும் காணொலியில் சந்தித்துச் சில நிமிடங்கள் உரையாடலாம். புனைபெயருக்குப் பின்னால் ஒரு முகம் இருப்பதை ஒருமுறை கண்டவர், அடுத்த முறை காணாத முகத்தையும் எண்ணிப் பார்ப்பார்.

வென்றவர்கள் விட்டுச்சென்ற தடங்கள்

சிங்கப்பூரில் உலக வாகையர் போட்டியின் பதினான்காம் ஆட்டத்தில் சீனாவின் திங் லிரன் செய்த ஒரு பிழையால் குகேஷின் வெற்றி உறுதியானது. கண்ணீர் பெருகிய அந்நேரத்தில் குகேஷ் செய்த செயல் எளிமையானது. கலைந்திருந்த காய்களை எல்லாம் மீண்டும் தொடக்க நிலையில் அடுக்கிவைத்தார். பின்னர்ப் பேசும்போது தம்மிடம் தோற்றவரை உண்மையான வாகையர் எனப் போற்றினார். எதிராளியின் பிழையால் பெற்ற வெற்றியை எள்ளலாக்காத உள்ளம் அது.

பெரியவர்களும் நிலைதடுமாறுவது உண்டு. 2025ஆம் ஆண்டு சூன் முதல் நாள், நார்வே போட்டியில் வெல்லும் நிலையிலிருந்து குகேஷிடம் தோற்ற கார்ல்சன் மேசையை ஓங்கிக் குத்தினார், காய்கள் சிதறின. அடுத்த நொடிகளிலேயே அவர் கைகொடுத்தார், வருத்தம் தெரிவித்தார், புறப்படும்போது குகேஷின் முதுகில் தட்டிக்கொடுத்தார். எதிரே ஒரு முகம் இருந்தமையால் சினம் தன்னைத் திருத்திக்கொள்ள வழி கிடைத்தது. இணையத்தில் குத்தப்படும் மேசையை எவரும் காண்பதில்லை. ஆகவே திருத்திக்கொள்ளும் பொறுப்பு முழுவதும் குத்தியவரையே சேர்கிறது.

ஆட்டப் பண்பு சதுரங்கத்திற்கு மட்டும் உரியதன்று. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து சென்று இந்திய அணியில் பந்து வீசியவர் நடராஜன். 2020ஆம் ஆண்டு திசம்பரில் ஆத்திரேலியாவுக்கு எதிரான இருபது ஓவர் தொடரின் சிறந்த வீரராக அறிவிக்கப்பட்ட ஹார்திக் பாண்டியா, தமக்கு வழங்கப்பட்ட விருதை அத்தொடரில் சிறப்பாகப் பந்து வீசிய நடராஜனின் கையில் கொடுத்தார். எந்த விதியும் அவரை அவ்வாறு செய்யச் சொல்லவில்லை. தொடரின் ஓட்டக் கணக்கை மறந்தவர்கள்கூட அக்காட்சியை மறக்கவில்லை.

நிறைவாக

சதுரங்கம் கற்றுத்தரும் பாடங்களுள் முதன்மையானது, தன் நகர்த்தலுக்குத் தானே பொறுப்பேற்றல். இவ்வாட்டத்தில் பகடை இல்லை. நற்பேற்றின் மீதோ தீப்பேற்றின் மீதோ பழிபோட இடமில்லை. அத்தகைய விளையாட்டை ஆடுகிறவர் தம் நடத்தைக்கு மட்டும் திரையை மறைவாக்கிக்கொள்வது பொருந்துமா?

அடுத்த முறை தோல்வி உறுதியாகி, கடிகாரத்தில் ஆறு நிமிடங்கள் எஞ்சியிருக்கும்போது, ஆட்டக்காரர்முன் இருப்பது ஒரே ஓர் எளிய தேர்வு. அந்த ஆறு நிமிடங்களை எதிராளிக்குத் திருப்பித் தரலாம், அல்லது பறித்துக்கொள்ளலாம். எதிரே காத்திருப்பவர் தம் ஊரில் ஆட ஆளின்றி, பாடங்களை முடித்துவிட்டு, வீட்டாரின் கைப்பேசியை அரைமணி நேரத்திற்கு இரவல் பெற்ற ஒரு மாணவராக இருக்கலாம். அவருக்கு அந்த ஆறு நிமிடங்கள் இன்னும் ஓர் ஆட்டம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் ஆடப்பட்ட மரபு விளையாட்டு ஒன்றன் எழுதப்படாத விதிகளைப் பெரியோரிடம் கேட்டறிந்து தொகுக்க.

2. ‘விதி தடுக்காதவை எல்லாம் தக்கவை ஆகிவிடுவதில்லை’ என்னும் கருத்தை ஒட்டியும் வெட்டியும் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. நீங்கள் தோற்ற சதுரங்க ஆட்டம் ஒன்றன் திருப்புமுனையை நண்பர்களுக்கு விளக்கிக்காட்டுக.

4. உங்கள் பள்ளியின் இணையவழிச் சதுரங்கக் குழுவிற்கு ஐந்து நடத்தை நெறிகளை உருவாக்கி, ஒவ்வொன்றிற்கும் காரணம் எழுதுக.